ஆயிரத்து எண்பது முகங்கள்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணினி அறிவியல்)

கொடுமுடி என்றதும் சிலருக்கு மகுடேசுவரர் கோயில் நினைவுக்கு வரும். சிலருக்குக் காவிரி நினைவுக்கு வரும். இசையில் நாட்டம் உள்ள பெரியவர்களுக்கு 1908-ஆம் ஆண்டு எங்கள் ஊரில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நினைவுக்கு வருவார். நான் எழுத வந்தது இம்மூன்றைப் பற்றியும் அன்று. ஒரு மடிக்கணினி, அதில் நான் தட்டிய நான்கே வரிகள், அந்த நான்கு வரிகளால் என் அக்காவுக்கு நேர்ந்தது, இவற்றைப் பற்றித்தான். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஓர் அறிவியல் கட்டுரை. எழுத உட்கார்ந்தால் அறிவியலும் அக்காவும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகிறார்கள். பிரிக்க எனக்குத் தெரியவில்லை. பொறுத்தருள வேண்டும்.

மடிக்கணினி அக்காவுடையது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கையில் அவளுக்குக் கிடைத்தது. 2018-இல் தேர்வு முடிவு வந்தபோது ஆயிரத்து இருநூறுக்கு ஆயிரத்துப் பதின்மூன்று மதிப்பெண். கல்லூரி விண்ணப்பம் வாங்கி வந்து நிரப்பியும் வைத்திருந்தாள். அப்பா சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும் லாரிகளில் மூட்டை தூக்குபவர். தேங்காய்ப் பருப்பு, எள் என்று எது வந்தாலும் அவர் முதுகில்தான் இறங்கும். அந்த ஆண்டு இடுப்பு பிடித்துக்கொண்டு நான்கு மாதம் படுத்துவிட்டார். விண்ணப்பம் அலமாரியிலேயே இருந்தது. அடுத்த தை மாதம் சிவகிரியிலிருந்து மாப்பிள்ளை வந்தார்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது அக்கா மடிக்கணினியைப் பையோடு கொண்டுவந்து கொடுத்தாள். அதே வாரம் முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தேன். குடும்பத்தில் யார் யார் எதுவரை படித்தார்கள் என்று எழுத வேண்டும் அல்லவா? அக்கா பெயருக்கு நேரே 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று என் கையால்தான் எழுதினேன்.

அந்தக் கணினியில் இரண்டு இயக்க முறைமைகள் இருந்தன. ஒன்று விண்டோஸ். மற்றொன்று சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். விண்டோஸ் பகுதி வைரஸ் தாக்கி என்றோ கண்ணை மூடிவிட்டது. பாஸ் மட்டும் பழைய டீசல் மோட்டார் போல நாலு முறை இருமிவிட்டு ஓடும். பேட்டரி செத்துவிட்டதால் சுவரில் செருகியபடியேதான் வேலை செய்ய வேண்டும். ஆக, நான் லினக்ஸ் கற்றது ஆர்வத்தால் என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. வேறு போக்கிடம் இல்லாததால் கற்றேன்.

சென்ற வைகாசியில் அக்காவுக்கு எங்கள் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. ஆனி மாதத்தில் எங்கள் ஊர்க் கடை ஒன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை வந்தது. பள்ளி திறந்ததும் மாணவர்களுக்கு அடையாள அட்டை அடிப்பார்கள். படப்பிடிப்புக்காரர் பள்ளிக்குப் போய் ஒரே நாற்காலியில் ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்து வருவார். அந்தப் படம் ஒவ்வொன்றையும் திறந்து, ஓரத்தை வெட்டி, ஐம்பது கேபிக்குள் சுருக்கி, அந்த மாணவனின் சேர்க்கை எண்ணையே பெயராக இட்டுச் சேமிக்க வேண்டும். படத்துக்கு ஒரு ரூபாய். பகலில் நான் கல்லூரியில் இருப்பதால் அக்காதான் பெரும்பகுதியைச் செய்தாள். முதல் பள்ளியில் அறுநூற்று நாற்பது படங்கள். அந்த அறுநூற்று நாற்பது ரூபாயை நான் அவள் கையில் கொடுத்தபோது, அதை ஒரு பழைய போர்ன்விட்டா டப்பாவில் போட்டு மூடினாள். தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர நினைக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "இப்பவே மாமாகிட்டச் சொல்லீராத, கட்டணம் சேரட்டும்" என்றாள்.

ஆடி மாதத்தில் இரண்டாம் பள்ளி வந்தது. இருபத்து நான்கு பிரிவுகள், ஆயிரத்து எண்பது படங்கள். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம் என்றால் இருபத்தேழு மணி நேரம். குழந்தை தூங்கும் நேரம் பார்த்து, மாலைக்கு இரண்டரை மணி நேரம் என்று செய்தால் பதினோரு மாலைகள். அந்த வாரந்தான் ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் எங்களுக்கு ஷெல்லில் லூப் எழுதுவதைக் கற்பித்திருந்தார்.

கணினி அறிவியல் படிக்காத நண்பர்களுக்காக இரண்டு சொல். கணினியில் படத்தைத் தொட்டு, பட்டியலைத் திறந்து வேலை செய்வது ஒரு வழி. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தால் எழுதிக் கொடுப்பது மற்றொரு வழி. அந்தக் கட்டளையை வாங்கிப் புரிந்துகொண்டு உள்ளே அனுப்பும் வாயிற்காவலனுக்குத்தான் ஷெல் என்று பெயர். 1971-இல் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமைக்கு முதல் ஷெல்லை எழுதியவர், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கென் தாம்சன். எல்லாக் கோப்புகளையும் குறிக்க நாம் போடும் உடுக்குறி (*) அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் அதை விரித்துக் கோப்புகளின் பெயர்களாக மாற்றித் தருவது ஷெல்லின் வேலையாக இல்லை. அதற்கெனக் 'குளோப்' என்றொரு தனி நிரலே இருந்தது.

இன்று நாம் எழுதும் வடிவத்தில் லூப் வந்தது 1979-இல், யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு. அந்த ஷெல்லை எழுதியவர் ஸ்டீபன் பார்ன். இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. பார்ன், ஆல்கால் 68 என்ற கணினி மொழியில் ஊறியவர். அம்மொழியில் ஒரு சொல்லைத் திறந்தால், அதையே தலைகீழாகத் திருப்பி எழுதி மூடுவார்கள். அவரும் அப்படியே செய்தார். 'இஃப்' என்று திறப்பதை 'ஃபை' என்று மூடலாம். 'கேஸ்' என்று திறப்பதை 'எசாக்' என்று மூடலாம். அந்தக் கணக்கில் டி, ஓ என்ற இரண்டு எழுத்தில் திறக்கும் 'டூ'வை ஓ, டி என்று மூட வேண்டும். ஆனால் 'ஓடி' என்ற பெயரில் ஒரு கட்டளை யூனிக்ஸில் ஏற்கெனவே குடியிருந்தது. கோப்பின் உள்ளே இருப்பதை எட்டின் அடிமான எண்களாகக் காட்டும் கட்டளை அது. குடியிருப்பவனைக் கிளப்ப முடியாமல் பார்ன் 'டன்' என்ற சொல்லைப் போட்டு மூடினார். பேராசிரியர் இதைச் சொன்னபோது வகுப்பில் ஒருவன், "ஐயா, அப்ப ஓடியால் அது ஓடலீங்களா?" என்று கேட்டுவிட்டான். அன்று வகுப்பு அத்தோடு முடிந்தது. பார்னின் ஷெல்லை ஒட்டி, ஸ்டால்மன் தொடங்கிய குனூ திட்டத்துக்காக 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியதே பாஷ். என் அக்காவின் கணினியில் இருப்பதும் அதுதான்.

வீட்டில் நான் லூப்பைச் சொல்லிக் காட்டியது அப்பாவிடம். "இந்த லாரியில் இருக்கற மூட்டை ஒவ்வொண்ணுக்கும்: இறக்கு, எடை போடு, அடுக்கு. முடிஞ்சுது. இவ்வளவுதாங்கப்பா. மூட்டை நூறா ஆயிரமான்னு நாம சொல்ல வேண்டியதில்லை. இருக்கற வரைக்கும் எடுத்துக்கும்."

"லாரி காலியானா நின்னுக்குமா?"

"நின்னுக்குமுங்க."

அப்பா கொஞ்ச நேரம் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்த மூட்டைக்குக் கூலி ஆருக்கு?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது.

பேராசிரியரின் உதவியோடு இமேஜ்மேஜிக் என்ற நிரலை நிறுவிக்கொண்டேன். கட்டளையாலேயே படத்தை வெட்டவும் சுருக்கவும் வல்லது அது. அதில் 'மோக்ரிஃபை' என்ற கட்டளை மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும், மூலம் போய்விடும், ஆகவே 'கன்வர்ட்' என்பதைக் கொண்டு வேறு ஃபோல்டரில் சேமி என்று அவர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கைக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

என் நான்கு வரிகளின் பொருள் இதுதான்: 'இங்கே ஜேபிஜி என்று முடியும் கோப்பு ஒவ்வொன்றையும் எடு, அதைப் படம் என்று அழை, அந்தப் படத்தை வெட்டிச் சுருக்கி, பட்டியலில் அடுத்து இருக்கும் சேர்க்கை எண்ணைப் பெயராக இட்டுப் பக்கத்து ஃபோல்டரில் வை, முடிந்தது.' 

முதல் முறை தட்டியதும் திரை முழுக்கப் பிழைச் செய்திகள். படப்பிடிப்புக்காரர் ஃபோல்டர்களுக்கு 'சிக்ஸ் ஏ செக்ஷன்' என்று இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்தார். ஷெல்லுக்கு இடைவெளி என்றால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். அது 'சிக்ஸ்' எங்கே, 'ஏ' எங்கே, 'செக்ஷன்' எங்கே என்று மூன்று பேரைத் தேடிக்கொண்டிருந்தது. வருகைப் பதிவில் 'பழனிச்சாமி மகன் குமார்' என்று கூப்பிட்டால் மூன்று பையன்களை எதிர்பார்க்கும் புது வாத்தியார் போல. பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைத்ததும் அமைதியாகிவிட்டது.

இரண்டாம் முறை ஓடியது. மின்விசிறி இரைய, எழுத்துகள் மேலே மேலே ஏறின. ஒன்பது நிமிடத்தில் ஆயிரத்து எண்பது படங்கள். நண்பர்களே, அந்த ஒன்பது நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத்தில் சொல்ல இயலாது. தேரைத் தனி ஆளாக இழுத்து நிலை சேர்த்தவன் போல உட்கார்ந்திருந்தேன். சோதித்தும் பார்த்தேன். இருபத்து நான்கு பிரிவுகளிலும் முதல் படத்தைத் திறந்து பட்டியலோடு ஒப்பிட்டேன். இருபத்து நான்கும் சரி.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப பதினோரு நாளும் தூங்கலாம்" என்று சிரித்தாள்.

மறுநாள் ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள். பென்டிரைவைக் கடையில் கொடுத்தேன். அதோடு வந்திருக்க வேண்டும். கடைக்கார அண்ணன், "என்னப்பா, நாலு நாள்ல முடிச்சுட்டே?" என்று கேட்டார். "நாலு நாளா? ஒன்பது நிமிசமுங்கண்ணா" என்றேன். எப்படி என்றும் விளக்கினேன். உடுக்குறி, பார்ன், ஓடி எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். "ஒன்பது நிமிசத்துக்கு ஆயிரத்து எம்பது ரூவாயா? நாயமா நீயே சொல்லு. படத்துக்குக் கால் ரூவா போட்டுக்கலாம், இனிமேலும் அதுதான்" என்று இருநூற்று எழுபது ரூபாயை எடுத்து வைத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவர் கேட்டதில் பொய் இல்லை. பள்ளிகள் அவருக்குத் தரும் தொகையிலும் நாலு பேர் பங்கு உண்டு.

பணத்தை அக்காவிடம் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். விவரம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அவரா கேட்டாரா, நீயா சொன்னயா?"

"நானாத்தான்."

டப்பாவில் போட்டு மூடிவிட்டு, தூரியை ஆட்டப் போய்விட்டாள்.

அன்று இரவு ஒன்பது மணி இருக்கும். நான் வாசலில் படுத்திருந்தேன். அக்கா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி, சும்மா, என் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெயர்ப் பட்டியல் கிடந்தது. "டேய், இங்க வா" என்றாள். குரல் சரியில்லை. "எதுத்த வூட்டுப் பையன் நெம்பருக்கு நேரா ஒரு புள்ளை படமல்ல இருக்குது? அவன் மூஞ்சி வேற யாரு நெம்பர்லயோ இருக்குது பாரு."

பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். எதுவும் சரியில்லை. வயிற்றில் புளி கரைந்தது என்பார்களே, அன்றுதான் அதன் பொருள் தெரிந்தது.

நடந்தது இதுதான். படப்பிடிப்புக்காரர் ஒவ்வொரு பிரிவிலும் படங்களுக்கு 1, 2, 3 என்று எண் இட்டிருந்தார். ஷெல் உடுக்குறியை விரிக்கும்போது எண்களை எண்களாகப் பார்ப்பதில்லை. அகராதியில் சொற்களை அடுக்குவது போல எழுத்தெழுத்தாகப் பார்க்கும். அதன் கண்ணில் 1-க்கு அடுத்தது 2 அன்று, 10. பிறகு 11, 12 என்று 19 வரை போய், அதன் பின்னரே 2 வரும், அப்புறம் 20. பட்டியலோ 1, 2, 3 என்று ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. இரண்டாம் எண் மாணவனுக்குப் பத்தாம் எண்ணின் முகம். மூன்றாம் எண்ணுக்குப் பதினொன்றின் முகம். இந்தக் கணக்கில் ஒவ்வொரு பிரிவிலும் சரியாக அமையக்கூடியது ஒரே ஒரு படம், முதல் படம். நான் சோதித்துப் பார்த்தது எந்தப் படத்தை? ஆயிரத்து எண்பதில் சரியாக இருந்த இருபத்து நான்கையும் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு மார்தட்டியிருக்கிறேன்! மீதி ஆயிரத்து ஐம்பத்தாறு பிள்ளைகள் அடுத்தவர் முகத்தோடு நின்றார்கள்.

கையால் செய்திருந்தால் இத்தனை பெரிய பிழை நடந்திருக்காது. அக்காவும் பிழை விடுவாள். ஆனியில் ஐந்தாறு விட்டாள். ஆனால் எண்ணைத் தட்டுமுன் முகத்தைப் பார்ப்பாள், பெயரைப் பார்ப்பாள். 'கவிதா' என்ற பெயருக்கு மீசை அரும்பிய முகம் வந்தால் அவள் கை நின்றுவிடும். என் லூப்புக்கு நிற்கத் தெரியாது. லாரி காலியாகும் வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கடைக்கு ஓடினேன். ஆடிப் பதினெட்டுக்கு வெளியூர்க் கூட்டம் முதல் நாள் இரவே வந்து கோயிலைச் சுற்றிலும் படுத்திருந்தது. ஆற்றில் புதுவெள்ளம். வளையல் கடைகளுக்கும் பொரி மூட்டைகளுக்கும் இடையில் புகுந்து, யார் காலையோ மிதித்து, யாரிடமோ வசவு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அண்ணன் அட்டை அடிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு பிரிவு, நாற்பத்தைந்து அட்டைகள், முடிந்து அடுக்கி வைத்திருந்தன. நான் சொன்னதைக் கேட்டு அவர் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "நாளைக்கு இது பள்ளிக்கூடம் போயிருந்தா என்ற கடைக்குப் பூட்டுதான் கண்ணு" என்றார். வீணான அட்டைக்கு ஐந்து ரூபாய் வீதம் இருநூற்று இருபத்தைந்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்பது நிமிடத்தின் கூலி நாற்பத்தைந்து ரூபாயாக நின்றது.

திருத்துவது எளிது. 1 என்பதை 01 என்றும் 2 என்பதை 02 என்றும் மாற்ற இன்னொரு சிறு லூப். மூலப் படங்கள் பத்திரமாக இருந்ததால் விடிவதற்குள் முடிந்தது. இம்முறை நான் நம்பவில்லை. அக்கா பட்டியலை மடியில் வைத்துக்கொண்டாள். நான் படங்களைத் தள்ளினேன். 'சரி, சரி' என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினெட்டாம் பெருக்கன்று ஊரே ஆற்றில் குளித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் முகம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழு இடங்களில் நிறுத்தினாள். மூன்று, அவளுடைய ஐயம் மட்டுமே. நான்கு, படமெடுத்த இடத்திலேயே வரிசை மாறி உட்கார்ந்துவிட்ட பிள்ளைகள். எந்த லூப்பும் அதைக் கண்டிருக்காது.

கல்லூரி திறந்ததும் பேராசிரியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆய்வுக்கூடத்தில் தமிழ் விக்கிமூலத்தைத் திறந்து காட்டினார். நம் அரசு நாட்டுடைமையாக்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியாக 2015, 2016-ஆம் ஆண்டுகளில் பொதுவெளிக்கு வந்தபோது அவை வெறும் பக்கப் படங்களாகவே இருந்தன. படத்திலுள்ள எழுத்தைத் தேட முடியாது, வெட்டி ஒட்ட முடியாது. த. சீனிவாசன் என்ற தமிழ்க் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர், 'கணியம்' இணைய இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர், இதற்கென ஒரு நிரல் எழுதினார். நூலைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வரும் எழுத்தை வாங்கி விக்கிமூலத்தில் அதனதன் பக்கத்தில் சேர்க்கும் நிரல். அதுவும் ஒரு லூப்தான். 'பக்கம் ஒவ்வொன்றுக்கும்...' என்று தொடங்கி இலட்சக்கணக்கான பக்கங்களை இரவும் பகலும் ஓடி ஏற்றியது. மனிதர் தட்டச்சு செய்திருந்தால் எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்!

ஆனால் பேராசிரியர் எனக்குக் காட்ட விரும்பியது அதை அன்று. ஒவ்வொரு பக்க எண்ணுக்கும் பின்னால் இருந்த நிறத்தை. எழுத்துணரி தந்தபடியே கிடக்கும் பக்கம் சிவப்பு. ஒருவர் படித்து மெய்ப்புப் பார்த்திருந்தால் மஞ்சள். இரண்டாமவர் ஒருவரும் படித்துச் சரி என்றால் பச்சை. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்தும் சிவப்புதான் எங்கும். பழைய அச்சில் துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல் இருப்பதால், 'கால்' என்பதை எழுத்துணரி 'கரல்' என்று படித்து வைத்திருக்கும். அதை உட்கார்ந்து பார்த்துத் திருத்த ஆட்கள் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பலர், பணம் வாங்காமல், பக்கம் பக்கமாகத் திருத்தி வருகிறார்கள். "உன் அக்கா செய்தது இந்த மஞ்சள் வேலை" என்றார் பேராசிரியர்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி கடைக்குப் போனேன். அண்ணன் அதற்குள், "லூப்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பழையபடி கையாலயே செய்யச் சொல்லு" என்று முடிவெடுத்திருந்தார். ஒப்புக்கொண்டிருந்தால் படத்துக்கு ஒரு ரூபாய் திரும்ப வந்திருக்கும். அக்காவுக்காக அப்படியே விட்டிருக்கலாமா என்று இன்றும் யோசிக்கிறேன். ஆனால் ஒன்பது நிமிடத்தில் நடக்கும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இன்னும் ஆறு மாதத்தில் யாரேனும் ஒருவன் அவருக்குச் செய்து கொடுத்துவிடுவான், அவனும் முதல் படத்தைத்தான் திறந்து பார்ப்பான். ஆகவே வேறு மாதிரி கேட்டேன்: வெட்டிச் சுருக்குவதைக் கணினி செய்யட்டும், அதற்குக் காசு வேண்டாம், ஒவ்வொரு முகத்தையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிரிவுக்குப் பிரிவு கையெழுத்திட்ட பட்டியல் தருகிறோம், அதற்குப் படத்துக்கு ஐம்பது காசு. வீணான நாற்பத்தைந்து அட்டைகள் இன்னும் மேசை மேலேயே இருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். "கையெழுத்து உன்றதா, உங்கக்காளதா?" என்று கேட்டார். "அக்காளதுங்க" என்றேன். "அப்பச் சரி."

அக்கா வீட்டில் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். கையால் செய்தால் ஆயிரத்து எண்பது ரூபாய்க்குப் பதினோரு மாலைகள். மாலைக்குத் தொண்ணூற்றெட்டு ரூபாய். பார்ப்பது மட்டும் என்றால் இரண்டு மாலைகள், ஐந்நூற்று நாற்பது. மாலைக்கு இருநூற்று எழுபது. "கேக்க நல்லாத்தான் இருக்குது" என்றாள். "ஆனா மிச்சம் ஒம்போது சாயங்காலத்துக்குப் படம் எங்கடா?" அந்தப் பருவத்தில் கடைக்கு வர வேண்டியவை இன்னும் நான்கு பள்ளிகள் மட்டுமே. அவள் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அப்பா கேட்டதும் இதே கேள்விதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நான்கு பள்ளிகளையும் முடித்தோம். ஆவணியில் அக்கா விண்ணப்பம் போட்டாள். டப்பாவில் எவ்வளவு சேர்ந்தது, குறைந்ததை யார் போட்டார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனதை மட்டும் கவனித்தேன். மாமாவிடம் சொன்னபோது அவர், "பரீட்சை ஈரோட்டுலயா, கரூர்லயா?" என்று மட்டும் கேட்டாராம்.

மடிக்கணினி இப்போது சிவகிரியில் இருக்கிறது. அவளுக்குத்தான் அது வேண்டும். நான் ஆய்வுக்கூடத்தில் மதிய இடைவேளையில் வேலை செய்துகொள்கிறேன். இக்கட்டுரையையும் கையால் எழுதித்தான் மலர்க் குழுவிடம் தருகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்க.

அவள் புறப்படுவதற்கு முந்தைய இரவு, கடைசிப் பள்ளியின் படங்கள் பாக்கி இருந்தன. "நீ தள்ளு, நா அடிக்கறன்" என்று கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஒரு காலால் தூரியை ஆட்டிக்கொண்டே, நோட்டில் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். இரட்டை மேற்கோளை மறக்கவில்லை. கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' என்ற சொல்லைச் சேர்த்தாள். அதைச் சேர்த்தால் ஷெல் எதையும் செய்யாது. எந்தப் படத்துக்கு எந்த எண்ணை வைக்கப்போகிறது என்று திரையில் சொல்லிக் காட்டிவிட்டு நிற்கும். முதல் இரவே நான் செய்திருக்க வேண்டியது அது. திரையில் வரிகள் ஏறி நின்றன. அவள் மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை வந்து, பத்தில் கொஞ்சம் நின்று, பிறகு பதினொன்றுக்குப் போனாள். நாற்பத்தி ஒன்றாம் எண்ணில் படித்துக்கொண்டிருக்கும்போது குழந்தை சிணுங்கியது. "சித்த இரு சாமி" என்று காலை வேகமாக ஆட்டிவிட்டு, மீதியையும் படித்து முடித்தாள். அதன் பிறகு 'எக்கோ'வை அழித்துவிட்டு என்டர் பொத்தானைத் தட்டினாள்.